நீலப்பூ சுவரில் நாலு சுவிட்ச்

ஜனவரி 11, ஞாயிறு

புது சமையல்கட்டு முடிஞ்சு இன்னியோட ஒன்பது நாள். இன்னிக்கும் பார்க்க ஆள் வந்தாங்க. மீன் கொண்டாற தனகோடி கூடையை வாசல்ல இறக்கி, கையைக் கழுவிட்டு உள்ள வந்து நின்னா. "இன்னாம்மா, சுவரு முச்சூடும் பூவா கீது. ஒரு சுவிட்ச் கூடக் காணோம். மிஷினெல்லாம் எப்படி ஓடுது, மந்திரமா?"ன்னா. "எல்லாம் உள்ள மறைவா கீதுடி"ன்னேன். அந்தக் கேள்வியைக் கேக்கறதுக்குத்தான் நான் இவ்வளவும் செஞ்ச மாதிரி இருந்துச்சு. பெருமைதான். எழுதினா என்ன, நான்தானே படிக்கப் போறேன்.

நீலப்பூ டைல்ஸ் செங்கல்பட்டுல மூணு கடை ஏறி இறங்கி நானே எடுத்தது. ஜன்னல் ஓரத்துல கிளம்புற கொடி சிம்னி வரைக்கும் அறுபடாம ஓடுது. கீழ வெள்ளைக் கல்லு மேடை. மேடையிலயே பதிச்ச அடுப்பு. மேடைக்கு அடியில பாத்திரம் கழுவுற மிஷின். அதுக்குப் பக்கத்துல மருமக ஷஃபானாவுக்கு ஓவன். அவ கேக் செஞ்சு விக்கிறா. பொத்தேரி காலேஜ் ஹாஸ்டல் பொண்ணுங்க போன்ல சொல்லுதுங்க, சனிக்கிழமை சனிக்கிழமை என் மகன் முனீர் வண்டியில கொண்டு போய்க் குடுத்துட்டு வரான்.

அஞ்சாவது படிச்சவ போட்ட பிளான். இன்ஜினியர் போட்ட மாதிரி இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க.

ஜனவரி 13, செவ்வாய்

கடல் காத்து. மண்ணு உள்ள வந்துகினே இருக்கு. ஷஃபானா மாப்பு போடறா. மாப்பு போட்டா மண்ணு இந்த மூலையிலேர்ந்து அந்த மூலைக்குப் போவும், அவ்வளவுதான். வியாழக்கிழமை தண்ணி ஊத்திக் கழுவினாத்தான் வூடு வூடா இருக்கும். நான் இந்த வூட்டுக்கு மருமகளா வந்த நாள்லேர்ந்து வெள்ளி பிறக்கற அந்த ராத்திரித் தொழுகை கழுவின தரையிலதான்.

ஜனவரி 15, வியாழன்

எழுத முடியலை. ஷஃபானா உசுரோட இருக்கா. அல்ஹம்துலில்லாஹ்.

ஜனவரி 16, வெள்ளி

நேத்து நடந்ததை அப்படியே எழுதிடறேன். நாளாச்சுன்னா எனக்கு ஏத்த மாதிரி ஞாபகம் வெச்சுப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

சாயங்காலம் அசர் தொழுகைக்கு முன்னாடி சமையல்கட்டுல மூணு குடம் தண்ணி ஊத்தினேன். வீசித்தான் ஊத்துவேன், அப்பத்தான் மூலை மண்ணு கிளம்பும். முன்னெல்லாம் மூலையில தண்ணி போக ஒரு ஓட்டை இருந்துச்சு. இப்ப அது அலமாரிக்குப் பின்னாடி மாட்டிகிச்சு. தண்ணி போற வழி இல்லாம பாத்திர மிஷினுக்கு அடியில போய் நின்னுது. பட்டுனு வூடு முழுக்கக் கரண்ட் போச்சு.

மெயின் போர்டு வாசல்கிட்ட, மாடிப்படிக்குக் கீழ. கரண்ட் கசிஞ்சா தானா விழற டிரிப்பர் விழுந்திருந்துச்சு. பேத்தி ஹனியாவை ஸ்டூல்ல ஏத்தி "தூக்கி விடு"ன்னேன். தூக்கினா. திரும்ப விழுந்துச்சு. பொங்கல் நாளு, எந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட முடியும்? ஃபிரிட்ஜுல ஷஃபானாவோட கிரீம் ரெண்டு டப்பா. எனக்கு அவசரம். "இந்நேரம் காஞ்சிருக்கும், இன்னொரு தடவை தூக்குடி."

உள்ள ஷஃபானா என்ன பண்றான்னு நான் பாக்கலை. குரல் குடுத்துக் கேக்கவும் இல்லை.

கரண்ட்தான் இல்லியேன்னு அவ மிஷினோட கீழ்ப் பலகையை எடுத்துட்டு, வெறுங்காலோட ஈரத்துல குந்திகினு, கையை உள்ள விட்டு பிளக்கைப் புடுங்கப் பாத்திருக்கா. அந்த பிளக்குக்கு மேல தனியா சுவிட்ச் கிடையாது. புடுங்கினாத்தான் உண்டு. ஹனியா தூக்கின நேரமும் ஷஃபானா விரல் அங்க பட்ட நேரமும் ஒண்ணாப் போச்சு.

ஒரே ஒரு கத்தல். டிரிப்பர் உடனே விழுந்துடுச்சு. அது விழலைன்னா -

ஆஸ்பத்திரியில படம் எடுத்துப் பார்த்து நெஞ்சுக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க. பின்னாடி சாஞ்சதுல எதிர் அலமாரி முனையில கை இடிச்சு எலும்புல கீறல். மூணு வாரம் மாவுக்கட்டு. வலது கை.

ஜனவரி 18, ஞாயிறு

நேத்து காணும் பொங்கல் கூட்டம். முனீருக்கு அந்த ஒரு நாள் வியாபாரம்தான் கடற்கரையில வெச்சிருக்கற தொப்பிக் கடைக்குப் பெரிசு. கடையைத் தொறக்கவே இல்லை. பொண்டாட்டி பக்கத்துலயே உக்காந்திருந்தான். இன்னிக்குக் காலையில, வயரிங் செஞ்ச எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டான்.

"யோவ் திருவேங்கடம், சுவிட்ச் இல்லாம பாயிண்ட் வெக்கச் சொல்லி உனக்கு எவன்யா லைசன்ஸ் குடுத்தான்? என் பொண்டாட்டி போயிருப்பாய்யா!"

இன்னும் என்னென்னமோ. அவனைப் பெத்த அத்தா உசுரோட இருந்தா அந்த வார்த்தையெல்லாம் பேச விட்டிருக்க மாட்டாங்க. நான் உள்ள பூண்டு உரிச்சிகினு இருந்தேன்.

போனை வெச்சுட்டு வந்தான். "ஒண்ணுமே பேச மாட்டேன்றான்மா. 'அம்மா பக்கத்துல இருக்காங்களா'ன்னு மட்டும் கேக்கறான். உன்னை எதுக்குக் கேக்கறான்?"

"யாருக்குத் தெரியும்"ன்னேன்.

சாயங்காலம் ஜமாத் செக்ரட்டரி இத்ரீஸ் பாய் ஷஃபானாவைப் பார்க்க வந்தாரு. பேச்சோட பேச்சா, "பள்ளிவாசல் பக்கத்துல கட்டற மண்டபத்துக்கு, சமையல்கட்டு வயரிங்கை அந்தத் திருவேங்கடத்துக்கே குடுக்கலாம்னு இருந்தோம். நீ இன்னா சொல்றே முனீரு?"ன்னாரு.

"அவனா? வேணாம் பாய். கொலைகாரன்."

"அப்ப வேற ஆள் பாத்துடறேன். நோன்பு வர்றதுக்குள்ள ஆரம்பிச்சாவணும்."

நான் டீ கொண்டு போய் வெச்சேன். சக்கரை சரியா இருக்கா பாய்னு கேட்டேன். என் வாயிலேர்ந்து வந்தது அதுதான்.

ஜனவரி 19, திங்கள்

இங்கயாவது எழுதறேன்.

நவம்பர்ல, டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடி, முனீர் சரக்கு எடுக்க மெட்ராஸ் போயிருந்த அன்னிக்குத் திருவேங்கடம் சுவத்துல பென்சிலால நாலு கட்டம் போட்டாரு. "அம்மா, ஓவனுக்கு ஒண்ணு, பாத்திர மிஷினுக்கு ஒண்ணு, அடுப்புக்கு, சிம்னிக்கு. மேடைக்கு மேல நாலு சுவிட்ச் வேணும். மிஷினைப் பதிச்சு மூடிட்டா பின்னாடி கீற பிளக்கை அவசரத்துக்குப் புடுங்க முடியாது"ன்னாரு.

நான் சொன்னது: "என் கொடியை நடுவுல அறுத்து டப்பா வெப்பியா? மேல ஒண்ணும் தெரியக் கூடாது. எல்லாத்தையும் கீழ மறைச்சு வை. முடியாதுன்னா சொல்லு, வேற ஆள் கூப்பிட்டுக்கறேன்."

ஷஃபானா அங்கதான் நின்னுகினு இருந்தா. "மாமி, அவரு சொல்றது சரின்னுதான் படுது"ன்னா.

"ஓவன் உனக்கு. சுவரு எனக்கு"ன்னேன்.

எழுதிப் பாக்கும்போதுதான் எவ்வளவு பொல்லாத பேச்சுன்னு தெரியுது. இதை ஷஃபானா இன்னும் முனீர்கிட்ட சொல்லலை.

ஜனவரி 20, செவ்வாய்

ஹனியா ரெண்டு நாளா ஒழுங்கா சாப்பிடலை. பரீட்சையாம். எந்தப் பள்ளிக்கூடத்துல இப்பப் பரீட்சை?

ஜனவரி 23, வெள்ளி

சமையல்கட்டு மாட்டிக் குடுத்த கம்பெனிப் பையன் ரமேஷை வரச் சொல்லியிருந்தேன். முனீர் கடையில இருக்கற நேரமா பார்த்துத்தான் வரச் சொன்னேன். ஷூவைக் கழட்டாம உள்ள வந்தான்.

"ஆன்ட்டி, மாடுலர் கிச்சன்ல யாராவது குடம் குடமா தண்ணி ஊத்துவாங்களா? மாப்பு போடுங்க ஆன்ட்டி, போதும்."

"கடல் மண்ணுக்கு மாப்பு போதாது. மேல சுவிட்ச் வெக்கறதுக்கு வழி சொல்லு."

"டைல்ஸ் ஒட்டியாச்சே. வெட்டினா விரிசல் விடும். லுக்கே போயிடும். நீங்கதானே ஒண்ணும் தெரியக் கூடாதுன்னு..."

ஷஃபானா படுத்திருக்கற ரூம் கதவு தொறந்திருந்துச்சு. அவளுக்குத் தெரிஞ்ச கதைதான், திரும்ப அவ காதுல விழ வேணாம்னு "மோர் குடிக்கிறியா?"ன்னு அவசரமா கேட்டேன். குடிச்சுட்டுப் போனான்.

ஆன்ட்டியாம். நான் யாருக்குடா ஆன்ட்டி.

இவனை நம்பிப் பிரயோஜனம் இல்லை. அவனும் வழி தேடலை. "செய்யாதே"ன்னு சொல்லிட்டுப் போறான். வேலை தெரியாதவன் சொல்றது அது.

ஜனவரி 25, ஞாயிறு

ஹனியா மாடியில துணி எடுக்க வந்தா. பதிமூணு வயசுக்குத் தோள் குனிஞ்சு போயிருக்கு.

"நன்னிமா, டிரிப்பரைத் தூக்கினது நான்தான்னு அத்தாகிட்ட சொல்லிடாதீங்க."

"நான் சொல்லித்தானேடி தூக்கினே?"

"ஆனா கை என்னோடதுதானே? அம்மா கத்தினது எனக்கு இன்னும் கேக்குது நன்னிமா."

புள்ளையைக் கட்டிகினேன். சொல்றதுக்கு ஒரு வார்த்தை வரலை. வராம என்ன? வந்துச்சு. விழுங்கினேன்.

முடிவு பண்ணிட்டேன். நோன்புக்குள்ள ரெண்டு காரியம். அந்தச் சுவத்துல சுவிட்ச் வரணும். நடந்ததை என் வாயால சொல்லணும். ரெண்டாவதுக்கு ஆளும் வேணாம், கருவியும் வேணாம். அதுதான் கஷ்டமா இருக்கு.

ஜனவரி 26, திங்கள்

லீவு நாள். ஓவனோட வந்த புத்தகத்தை எடுத்து ஹனியாகிட்டக் குடுத்து, கரண்ட் பத்தி என்ன போட்டிருக்குன்னு தமிழ்ல சொல்லுன்னேன். ரொம்ப நேரம் விரல் வெச்சுப் படிச்சா. அவ சொன்னதை எழுதிகினேன்: *உள்ள பதிச்சு மாட்டின பிறகும், கரண்டை முழுசா நிறுத்தற வழி கைக்கு எட்டற இடத்துல இருக்கணும்.*

புத்தகம் டப்பாவிலயே இருந்திருக்கு. நவம்பர்லேர்ந்து. அதையேதான் அந்த மனுஷன் பென்சிலால வரைஞ்சு காட்டினாரு.

ஜனவரி 28, புதன்

பூஞ்சேரி போனேன், ஷேர் ஆட்டோவுல. திருவேங்கடம் வூடு கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிச்சேன்.

அவரு பொண்டாட்டி ரேணுகா துணி காயப் போட்டுகினு இருந்தா. "வாங்கம்மா. உங்க புள்ள போன்ல பேசினது போறாதுன்னு நேர்லயே வந்துட்டீங்களா?"ன்னா. உக்காரச் சொல்லலை. நியாயம்தான்.

திருவேங்கடம் எட்டிப் பார்த்தாரு. உள்ள போய் சட்டை மாட்டிகினு வந்தாரு. முதல்ல கேட்டது, "தங்கச்சி எப்படிக் கீது?"

"கட்டு போட்டிருக்கு. தேறிடுவா. தப்பு என்னோடது, திருவேங்கடம்."

"தெரியும்மா."

"தெரிஞ்சும் ஏன் முனீர்கிட்ட சொல்லலை?"

ரேணுகா குறுக்க வந்தா. "அதைத்தான் நானும் கேக்கறேன்! சுவத்துல போட்ட கட்டம் போன்ல போட்டோவா கீது. அனுப்புய்யான்னா, 'பாவம், வயசான அம்மா'ன்னு சொல்லிகினு கெடக்கறான்."

"வயசான அம்மான்னா சொன்னே?"ன்னு கேட்டேன். எங்க வந்து நிக்கிறேன், எதுக்குக் கோவப்படறேன் பாரு. ரேணுகாவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டாந்து போட்டா.

திருவேங்கடம் சிரிக்கலை. "என் மேலயும் தப்பு கீது. நீங்க வேணாம்னு சொன்ன அன்னிக்கே பையைத் தூக்கிகினு போயிருக்கணும். போவலை. சுவிட்ச் இல்லாத பிளக்கை வெச்சது இந்தக் கைதான். அந்த டிரிப்பரை மட்டும்தான் யாரையும் கேக்காம போட்டேன்."

டிரிப்பர் போட்டவரைத்தான் கொலைகாரன்னு என் மகன் சொன்னான்.

எப்படி சரி பண்றதுன்னு கேட்டேன். கல்யாணப் பத்திரிகை ஒண்ணைத் திருப்பிப் போட்டு வரைஞ்சாரு. சாதா சுவிட்ச் ஒரு கம்பியைத்தான் வெட்டுமாம். இதுக்கு ரெண்டு கம்பியையும் சேர்த்து வெட்டற சுவிட்ச் வேணுமாம். பிளக்கு மிஷினுக்கு நேர் பின்னாடி இருக்கக் கூடாது. பக்கத்து அலமாரிக்குள்ள, தண்ணி தெறிக்காத உசரத்துல இருக்கணும், கதவைத் தொறந்தா கை போவணும்.

"வாசல்ல மெயின் போர்டு கீதே, அதை அணைச்சா போறாதா?"ன்னேன்.

"உள்ள ஒருத்தர் கை வெச்சிருக்கறது தெரியாம வாசல்ல இன்னொருத்தர் தூக்கி விட்டுடுவாங்கம்மா. யாரு கை உள்ள போவுதோ, அவங்க கண்ணுக்கு எதிர்லயே சுவிட்ச் இருக்கணும். அணைச்சவங்கதான் போடணும். அடுத்தவங்க கையில வுடக் கூடாது."

நான் ஹனியாவைத் தூக்கச் சொன்னது அவருக்குத் தெரியாது. அதையும் சொன்னேன். ரேணுகா முகத்தைத் திருப்பிகினா. அவரு பத்திரிகையில வரைஞ்ச கோட்டு மேலயே இன்னொரு தடவை கோடு இழுத்தாரு.

"சுவத்தை உடைக்கணுமா?"ன்னு கேட்டேன்.

"வேணாம். வயர் பைப்பு சேர்ற இடத்துல சுவிட்ச் பெட்டி ரெண்டு உள்ளதான் கீது. நாலு பைப்பும் அதுங்க வழியாத்தான் போவுது. நீங்க வேணாம்னதும் காயிதத்தைத் திணிச்சு வெச்சேன், மேஸ்திரி மேல டைல்ஸ் ஒட்டிட்டாரு. ஜன்னல்லேர்ந்து நாலாவது டைல்ஸும் அஞ்சாவதும். அதை மட்டும் வெட்டினா போதும்."

"எப்ப வர்றே?"

"உங்க புள்ள கூப்பிடட்டும். நீங்க கூப்பிட்டா வர மாட்டேன்மா. கோச்சிக்காதீங்க."

கோச்சிக்கலை.

ஜனவரி 29, வியாழன்

தரை கழுவலை. மண்ணு மேலயே தொழுகைப் பாய் விரிச்சேன்.

ஜனவரி 30, வெள்ளி

சாப்பாட்டு நேரத்துல சொல்ல வாயெடுத்தேன். முனீர் கடைக்கு அவசரமா கிளம்பிட்டான். அவன் கிளம்பினது எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. சீ.

பிப்ரவரி 1, ஞாயிறு

சொல்லிட்டேன்.

காலை நாஸ்தா நேரம். நாலு பேரும் இருந்தோம். இடியாப்பத்தை வெச்சுட்டு, உக்காராம நின்னுகினே சொன்னேன். உக்காந்தா எழுந்திரிச்சுப் போயிடுவேன்னு பயம். "சுவிட்ச் வேணாம்னு சொன்னது நான். திருவேங்கடம் வேணும்னாரு, நான் மிரட்டினேன். அன்னிக்கு டிரிப்பரைத் தூக்கச் சொன்னதும் நான். ஹனியா மேல தப்பே இல்லை."

முனீர் வாயில வெச்சதை முழுங்காம பார்த்தான். "நான் அந்த ஆளை அத்தனை பேச்சு பேசறப்ப நீ உள்ள பூண்டு உரிச்சிகினு இருந்தே?"

"ஆமா."

"இத்ரீஸ் பாய்கிட்ட கொலைகாரன்னு சொன்னேனேம்மா. டீ கொண்டாந்து வெச்சியே?"

"ஆமாண்டா."

எழுந்து கையைக் கழுவிட்டுப் போயிட்டான். ஹனியா என் மடியில விழுந்து அழுதா. அழட்டும்னு விட்டேன். அத்தனை நாள் உள்ள வெச்சிருந்தது.

ஷஃபானா இடது கையால மெதுவா சாப்பிட்டுகினே இருந்தா. முடிச்சுட்டுத்தான் பேசினா. "நீங்க தூக்கச் சொன்னது எனக்குக் கேட்டுச்சு மாமி. 'இருங்க'ன்னு நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள..."

அவ்வளவு நாள் தெரிஞ்சே இருந்திருக்கா.

"கோவம் இருந்தா திட்டிடும்மா"ன்னேன்.

"கோவம் இல்லை. அந்த ஓவன் எனக்கு வேணாம். வித்துடுங்க. நான் அங்க நிக்க மாட்டேன்."

திட்டியிருந்தா தேவலாம்.

பிப்ரவரி 2, திங்கள்

முனீர் வாசல்ல நின்னு போன் பேசினான். "அண்ணாத்த, தெரியாம பேசிட்டேன்... ஆமா, சொல்லிட்டாங்க... நீ திட்டணும்னா திட்டிடு அண்ணாத்த." அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, இவன் "சனிக்கிழமையா? சரி"ன்னான். என்கிட்ட இன்னும் பேசலை.

நான் இத்ரீஸ் பாயோட அரிசிக் கடைக்குப் போனேன்.

"வேற ஆள்கிட்டப் பேசிட்டேனே, சைதூன்மா."

"பேசினீங்களா, முடிச்சுட்டீங்களா?"

"பேசினேன்."

"அப்ப இன்னும் பேசலாம். பாய், ஒரு மனுஷன் பேரை என் வூட்டுல வெச்சுக் கெடுத்தாச்சு. அதை நான்தான் திருப்பிக் குடுக்கணும்." நடந்ததைக் கடையில நின்னவங்க காதுலயும் விழற மாதிரியே சொன்னேன். மூட்டை தூக்கறவங்க கூட நின்னு கேட்டாங்க. கேக்கட்டும். முனீர் திட்டினது தெருவுக்கே கேட்டுச்சு, இதுவும் கேக்கட்டும்.

அவரு தாடியைத் தடவினாரு. "சனிக்கிழமை உங்க வூட்டுல வேலை செய்யறப்ப வந்து பாக்கறேன். அப்புறம் சொல்றேன்."

பிப்ரவரி 5, வியாழன்

கட்டு பிரிச்சாச்சு. ஷஃபானாவோட கை மெலிஞ்சு போச்சு. டம்ளரை எடுத்து எடுத்து வெச்சுப் பழகறா. சமையல்கட்டுப் பக்கம் வரலை. நானும் கூப்பிடலை.

பிப்ரவரி 7, சனி

ஒன்பது மணிக்கு வந்தாரு. வாசல்லயே மெயின் ஸ்விட்சை அணைச்சு, அதுக்கு மேல பெட்டி மூடியைச் சாத்தி ஒரு பூட்டு போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில போட்டுகினாரு. முனீர் பார்த்துகினே நின்னான். போய் டீ வாங்கிகினு வந்தான்.

ஜன்னல்லேர்ந்து டேப் வெச்சு அளந்தாரு. நாலாவது டைல்ஸ்ல கோடு போட்டாரு. கொடியில இருக்கறதுலயே பெரிய பூவு அதுல. பேட்டரியில ஓடற வெட்டற மிஷினைக் கையில வெச்சுகினு என்னைப் பார்த்தாரு. "வெட்டட்டுமா?"

"வெட்டு."

எல்லாரும் வெளிய போனாங்க, நான் போகலை. தூசியில கண்ணு எரிஞ்சுது. காயிதம் திணிச்ச பெட்டி உள்ள அப்படியே இருந்துச்சு. நவம்பர் மாசத்து நியூஸ் பேப்பர்.

இத்ரீஸ் பாய் பதினோரு மணிக்கு வந்தவரு மூணு மணி வரைக்கும் போகலை. தொழுதுட்டு வந்து திரும்ப உக்காந்துகினாரு. ஓவனுக்கும் பாத்திர மிஷினுக்கும் பெரிய சுவிட்ச், சிவப்பு லைட்டோட. அடுப்புக்கும் சிம்னிக்கும் சின்னது. பழைய பிளக்குங்களை எடுத்துட்டு, ஓவனோடது பக்கத்து அலமாரிக்குள்ள, பாத்திர மிஷினோடது தொட்டிக்கு அடுத்த அலமாரியில இடுப்பு உசரத்துல. எர்த்துக் கம்பியை ஒவ்வொண்ணா இழுத்துப் பார்த்தாரு. கீழ்ப் பலகையை முனீர்கிட்டக் குடுத்து ஓட்டை ஓட்டையா ஜாலி மாதிரி வெட்டச் சொன்னாரு, தண்ணி பழைய ஓட்டைக்குப் போவறதுக்கு.

எல்லாம் முடிஞ்சுது. பூட்டைத் தொறந்து மெயினைப் போட்டுட்டு வந்தாரு. "தங்கச்சி வந்து பாத்தாத்தான் கையைக் கழுவுவேன்"ன்னு ஸ்டூல்ல உக்காந்துட்டாரு.

ஷஃபானா சமையல்கட்டு வாசப்படி வரைக்கும் வந்து நின்னா. யாரும் வா வான்னு கூப்பிடலை. நானும் வாயை அடக்கிகினேன், எவ்வளவு கஷ்டம்னு எனக்குத்தான் தெரியும். அவரு டீ குடிச்சாரு. டம்ளரைக் கழுவி வெச்சாரு. திரும்ப உக்காந்தாரு.

"அண்ணே, அந்த சிவப்பு எரியறது கரண்ட் இருக்குன்னா?"

"ஆமாம்மா. நீயே அணை. அணைச்சுட்டு இந்த டெஸ்டரை நீயே வெச்சுப் பாரு. என் பேச்சை நம்பாதே, அதை நம்பு."

செருப்பு மாட்டிகினு வந்தா. அணைச்சா. அலமாரியைத் தொறந்து பிளக்கு பாயிண்ட்ல டெஸ்டரை வெச்சா. எரியலை. போட்டா, வெச்சா. எரிஞ்சுது. நாலு சுவிட்சுக்கும் அதே மாதிரி செஞ்சா. ஓவனுக்கு மூணு தடவை. அப்புறம் திரும்பிப் பார்க்காம ரூமுக்குப் போயிட்டா.

இத்ரீஸ் பாய் போறப்ப திருவேங்கடத்துகிட்ட, "திங்கக்கிழமை மண்டபத்துக்கு வந்து அளவு எடுத்துக்க"ன்னாரு.

முனீர் ராத்திரி சாப்பிட உக்காந்தவன், "அம்மா, உப்பு போடு"ன்னான். மூணு வார்த்தை.

பிப்ரவரி 10, செவ்வாய்

தனகோடி சுவத்தைப் பார்த்துட்டு "அய்யய்யோ, பூவை வெட்டிட்டீங்களேம்மா!"ன்னா. "நான்தான் வெட்டச் சொன்னேன்"ன்னேன். வெட்டின இடத்தை நானும் பாக்கறேன். வலிக்கத்தான் செய்யுது. வலிக்கலைன்னு பொய் எழுத மாட்டேன்.

பிப்ரவரி 12, வியாழன்

நோன்புக்கு முன்னாடி வூடு முழுக்கக் கழுவியாவணும். முன்ரூம், வராந்தா எல்லாம் முடிச்சேன். சமையல்கட்டுக்கு வந்து குடத்தை வெச்சுட்டு நின்னேன். சுவிட்சை நானே அணைச்சிருக்கலாம். கை எட்டுது. அணைக்கலை. அங்க வேலை செய்யற கை என்னுது மட்டும் இல்லை.

எவ்வளவு நேரம் நின்னேனோ. ஷஃபானா வந்தா. என்னைத் தாண்டிப் போயி, டக், டக், டக், டக். அலமாரியைத் தொறந்து ரெண்டு பிளக்கையும் புடுங்கி மேடையில எடுத்து வெச்சா.

"ஊத்துங்க மாமி. வீசாதீங்க, சாய்ச்சு ஊத்துங்க."

சாய்ச்சு ஊத்தினேன். அவ விளக்குமாத்தால இடது கையும் வலது கையும் சேர்த்துத் தள்ளினா. மண்ணு எல்லாம் போச்சு.

பிப்ரவரி 14, சனி

பொத்தேரிக்கு ரெண்டு கேக். ஒண்ணு கொஞ்சம் தீஞ்சுடுச்சு. அதை நாங்க சாப்பிட்டோம். ஹனியா மூணு துண்டு.

பிப்ரவரி 17, செவ்வாய்

நாளைக்கோ மறுநாளோ பிறை. இத்ரீஸ் பாய் ஆள் விட்டாரு. மண்டபத்துச் சமையல்கட்டுல பூச்சு வேலைக்கு முன்னாடி பெட்டி வெக்கணுமாம், சைதூன்மாவை வந்து ஒரு பார்வை பார்க்கச் சொல்லுன்னு திருவேங்கடம் கேட்டாராம். எனக்கு எவ்வளவு பெருமை! நல்ல புடவை கட்டிகினேன். ஷஃபானாவையும் கூட்டிகினு போனேன்.

செங்கல் சுவரு. சிமெண்ட் வாசனை. கிரைண்டருக்கு, ஆவி அடுப்புக்கு, தட்டு கழுவற பெரிய மிஷினுக்குன்னு சாக்பீஸால வரிசையா கட்டம் போட்டிருந்தாரு. "சொல்லுங்கம்மா, உசரம் சரியா கீதா?"

வாய் வரைக்கும் வந்துடுச்சு. நான் ஷஃபானாவைப் பார்த்தேன். "நீ சொல்லு. மிஷின்ல வேலை செய்யறவ நீதானே."

அவ புர்காக் கையை முழங்கை வரைக்கும் ஏத்திவிட்டுகினு சுவத்துகிட்டப் போனா. கையைத் தூக்கிப் பார்த்தா. "யாரு இங்க வேலை செய்யப் போறாங்க?"ன்னு கேட்டா.

"சமையல் பண்டாரிதான். ஆறடி ஆளு"ன்னாரு இத்ரீஸ் பாய்.

"பிரியாணி அவரு செய்வாரு பாய். தட்டு கழுவறவங்க? மாவு போடறவங்க? அவங்க என் உசரம்தானே இருப்பாங்க. நடுவுல பெரிய அண்டா வேற நிக்கும். அதுக்கு மேல கை நீட்டித்தானே அணைக்கணும். இன்னும் ரெண்டு விரக்கடை கீழ. கிரைண்டரோடது அந்தப் பக்கம் தள்ளி."

திருவேங்கடம் ஈரத்துணியால அழிச்சாரு.

"பேஜாருப்பா! இது மூணாவது தடவை அழிக்கறது"ன்னாரு இத்ரீஸ் பாய்.

"சாக்பீஸ்தானே பாய்"ன்னா ஷஃபானா. "டைல்ஸ் இல்லியே."

திருவேங்கடம் வாயைத் துண்டால மூடிகினாரு. இத்ரீஸ் பாய் என்னைப் பார்த்தாரு. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு, என்ன செய்ய.

மணி பன்னண்டு ஆச்சு, நான் கிளம்பறேன்னேன். "நீங்க போங்க மாமி, நான் இதை முடிச்சுட்டு வரேன்"ன்னா. வெளிய வந்து பஸ்ஸுக்கு நின்னேன். உள்ள அவ குரல் கேட்டுகினே இருந்துச்சு. "இல்லண்ணே, இன்னும் கொஞ்சம். ஆங், அங்க போடுங்க."